வீடு புகுந்த ஆமை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள். 34 வருடம் புதுச்சேரியில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன் நான். அமீனாவைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆமையைப் பற்றிச் சொன்னது தலைகீழ். ஆமை புகுந்து கெட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் புகுந்து கெட்ட ஆமையைப் பார்த்திருக்கிறேன். இன்று அதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம். (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை இங்கே சொல்தா என்போம்.) மகனைப் பார்க்கப் பாரீசுக்குப் புறப்படும்போது அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "ரெண்டு மாசம்தான் ஐயா. ராசியான ஆமை. தண்ணி மாத்தினா போதும்" என்றார்.

தொட்டியில் நாலு விரற்கடை தண்ணீர். அதில் நின்றுகொண்டிருந்தது ஒரு நட்சத்திர ஆமை. புல்லிலும் முட்புதரிலும் நடந்து திரியும் தரை ஆமை அது. தண்ணீரில் வாழும் பிராணியே அல்ல. தமிழில் எல்லாவற்றுக்கும் ஆமை என்று ஒரே சொல். நான் படித்த பிரெஞ்சிலும் தொர்த்யூ என்று ஒரே சொல். லிசேயில் லா ஃபோந்தேனின் முயல் ஆமைக் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தவன் நான். அந்த ஆமை என்ன தின்னும் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

பாலில் நனைத்த ரொட்டி, தக்காளி, சோறு. இதுதான் அதற்குப் போட்டு வந்த தீனி. கண் குழி விழுந்திருந்தது. ஓட்டின் ஓரம் விரலால் அழுத்தினால் கொடுத்தது. மூக்கில் நுரை. சமையலறைத் தராசில் வைத்தேன். 412 கிராம். தூக்கினால் காலி டப்பா மாதிரி இருந்தது.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "ஆமைதானே சார், மெதுவாத்தான் தின்னும்." இந்த "ஆமைதானே"தான் என் முதல் எதிரி. நாய் பட்டினி கிடந்தால் விலா எலும்பு தெரியும். மாடு கத்தும். ஆமை பசித்தாலும் கத்தாது, ஓடு மெலிவதும் இல்லை. உள்ளே உயிர் வற்றினாலும் வெளியே உருவம் அப்படியே இருக்கும். எடை போட்டுப் பார்த்தவனுக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை வீட்டில் எடை போடுகிறோம்?

ஒரு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். சின்ன வயது டாக்டர், மரியாதையான பிள்ளை. பையைத் திறந்ததும் முகம் மாறியது. "சார், எங்களுக்கு மாடு, ஆடு, கோழி, நாய்தான் பழக்கம். அதோட இது அட்டவணை 1. இதை நீங்க வெச்சிருக்கவே கூடாது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் முதல் நட்சத்திர ஆமை, புலி இருக்கும் அதே அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் நான் புலியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தவன்.

அப்புறம் நான் செய்ததை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து 9 நாள் அதை வெளியே எடுக்கவில்லை. பென்ஷன்காரனுக்கு வழக்கு என்றால் வயிறு கலங்கும். பத்தாம் நாள் எடை 398 கிராம். அந்த 14 கிராம் என் கோழைத்தனத்தின் விலை.

பிறகு நாய்களுக்கான ஒரு தனியார் மருத்துவமனை. பூச்சி இருக்கும், ஊசி போட்டுவிடலாம் என்றார்கள். "மாடு, நாய் எல்லாத்துக்கும் போடறதுதான்." குமாஸ்தா புத்தி, மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, நாளை வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஐவர்மெக்டின். வீட்டில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தேடினேன். பிரான்சில் தோட்டங்களில் ஹெர்மன் ஆமை வளர்ப்பவர்கள் நிறைய பேர். பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், தைரியமாக டாக்டரிடம் கொண்டு போகிறார்கள். அவர்கள் படிக்கும் குறிப்புகளில் மறக்காமல் எழுதியிருப்பது: ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு, கை கால் செயலிழந்து செத்துப்போகும். மாட்டைப் பிழைக்க வைக்கும் மருந்து ஆமையைக் கொல்லும்.

கடைசியில் ஒரு நண்பர் மூலமாக, ஊர்வன பார்க்கும் சென்னை டாக்டர் ஒருவர் போனில் கிடைத்தார். அவர் மருந்தே சொல்லவில்லை. முதலில் தண்ணீர்த் தொட்டியை ஒழிக்கச் சொன்னார். தினம் காலை 20 நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவு மட்டும், உட்கார வைக்க வேண்டும். வற்றிய உடம்பு முதலில் நீரை ஏற்க வேண்டும். பிறகு காலை வெயில். கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது, ஒதுங்க நிழலும் வேண்டும். உடம்பு சூடு ஏறாமல் தின்றது செரிக்காது. அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி. சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைச் சுரண்டித் தூவல். வாரம் ஒரு முறை எடை. மூக்கு நுரை நிற்காவிட்டால் நேரில் வரவேண்டும் என்றார். இரண்டாம் வாரத்தில் நின்றுவிட்டது.

ஆறு வாரத்தில் 431 கிராம். செம்பருத்திப் பூவைக் கண்டால் கழுத்தை நீட்டியது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். பழைய காலத்தில் ஆமை துரதிர்ஷ்டம் என்றோம். இன்று வாஸ்து பார்த்து ராசி என்கிறோம். இரண்டிலும் நம் அதிர்ஷ்டம்தான் பேச்சு, ஆமையின் உயிர் பேச்சே இல்லை. ராசி வேண்டுமானால் கடையில் பித்தளை ஆமை விற்கிறது. அது பட்டினி கிடக்காது.

சட்டம் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. பெட்டிக்குள் அடுக்கிய ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டதாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. 2019இல் உலக அளவில் வணிகத்தையே தடுக்க வேண்டி வந்தது. சட்டம் இருக்கட்டும். ஆனால் நோயாளியோடு வாசலில் நிற்பவனைச் சட்டம் திருப்பி அனுப்பினால், அவன் ஆமையை ஒளித்துத்தான் வைப்பான். நானே ஒளித்தேன்.

ஆகவே 34 வருடம் மற்றவர்கள் மனுவைக் கோப்பில் சேர்த்தவன், இன்று என் மனுவை வைக்கிறேன். ஒன்று, எந்த ஆமை வந்தாலும் முதலுதவி முதலில், விசாரணை பிறகு. இரண்டு, ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஆமைக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஒரே ஒரு பக்கம் ஒட்டி வையுங்கள். ஐவர்மெக்டின் சிவப்பு மையில் இருக்கட்டும். மூன்று, தானாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவனைக் குற்றவாளியைப் போலப் பார்க்காதீர்கள்.

நான் ஒப்படைத்தேன். வனத்துறை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், கை நடுங்கியது. யாரும் அதட்டவில்லை. ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கினேன். "நட்சத்திர ஆமை, 1, உயிருடன்" என்று எழுதியிருந்தது.

பாரீசிலிருந்து அந்த அம்மாள் போன் செய்து, "எங்க ராசியை இப்படிக் கொடுத்துட்டீங்களே ஐயா" என்று வருத்தப்பட்டார். அந்தச் சீட்டின் கடைசிச் சொல்லை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.