நுளம்புப் புகை: எழுவைதீவு ஊர்ச் சங்கமொன்றின் நிலைப்பாடு

மாரி தொடங்கி நுளம்பு பெருகியதும் எங்கள் தீவில் எழும் முதற் குரல் "புகை அடியுங்கோ" என்பதுதான். அந்தக் கோரிக்கையோடு எமது சங்கம் இனி எந்த அலுவலகப் படியும் ஏறாது. டெங்கு நோயாளர் ஒருவர் உறுதிசெய்யப்பட்டால், அந்த வீட்டையும் சுற்றாடலையும் புகையூட்டுவதை முழுமையாக ஆதரிப்போம். நோயாளரே இல்லாதபோது, மனத் திருப்திக்காக ஊர் முழுவதும் புகை அடிப்பதை எதிர்க்கிறோம்.

புகை அந்த நேரம் பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. தப்பும் நுளம்புகளில் மருந்தைத் தாங்கக்கூடியவைதான் அதிகம். அடுத்த மழைக்கு வருவது அவற்றின் சந்ததி.

இலங்கையில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளித்ததால், 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாகினர். தெளிப்புத் தளர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பல இலட்சம் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். மறுபடி டி.டி.ரி.யைக் கையில் எடுத்தபோது நுளம்பு அதற்கு ஈடுகொடுக்கத் தொடங்கியிருந்தது. 1970களின் நடுவில் அதற்குப் பதிலாக மலத்தியன் என்ற மருந்து வந்தது. அதை வயலுக்கு விடாமல் மலேரியாத் தடுப்புக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். அன்றைய அதிகாரிகளின் அந்தத் தீர்மானத்தை இன்றும் பாராட்ட வேண்டும்.

1980களில் நுளம்பு ஆய்வாளர்களான ஹேரத், ஜெனற் ஹெமிங்வே ஆகியோர் செய்த ஆய்வுகள் அந்தத் தீர்மானத்தின் அருமையைக் காட்டின. மலேரியாவைப் பரப்பும் முக்கிய நுளம்பு, டி.டி.ரி.யை விட்டால், மலத்தியனுக்கு மட்டுமே எதிர்ப்புக் காட்டியது. வயலில் பெருகும் அனோபிலிஸ் நைகெரிமஸ் இனமோ, பயிருக்கு அடித்த பலவகை மருந்துகளையும் தாங்கி நின்றது. ஹெமிங்வேதான் பின்னர், 2005இல் லிவர்பூலில் புதிய பூச்சிநாசினிகளை உருவாக்கத் தொடங்கிய கூட்டமைப்பின் முதல் தலைவர்.

புதிய மருந்துகளை வரவேற்கிறோம். குளோதியானிடின், புரொஃப்லனிலைட் போன்றவை உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றுவிட்டன. குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலைகளை அந்நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஆனால் இவை பெரும்பாலும் வீட்டுச் சுவருக்கும் நுளம்பு வலைக்கும் உரியவை. இரவில் கடிக்கும் மலேரியா நுளம்பை எண்ணிச் செய்யப்பட்டவை. பகலில் கடிக்கும் டெங்கு நுளம்புக்கு வலையால் பெரிய பயனில்லை. குளோதியானிடின் விவசாயத்திலும் புழங்கும் மருந்து என்பதால், அதற்கு ஈடுகொடுக்கும் நுளம்புகள் கமரூனில் ஏற்கெனவே தென்பட்டுள்ளன. ஆகவே பொதுச் சுகாதாரத்துக்கென வரும் புதிய மருந்து எதுவும் வெங்காயத் தோட்டத்துக்கோ புகையிலைக்கோ போகக்கூடாது. மலத்தியனுக்கு அன்று இட்ட வேலி இதற்கும் வேண்டும்.

தீவு என்பதால் நாம் தப்பிவிடுவோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். டெங்கு நுளம்புகள் நன்னீரில்தான் முட்டையிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் செய்து 2011இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகள், பாவிக்காத கிணறுகள், எறிந்த பிளாஸ்ரிக் பாத்திரங்கள் ஆகியவற்றின் உவர்நீரிலும் குடம்பிகள் கிடைத்தன. கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ அரைவாசி வரை அவை தாங்கின. உவர்நீரில் வளரும் நுளம்பின் புறத்தோல் தடிப்பாக இருப்பதைப் பின்னைய ஆய்வுகள் காட்டின. மருந்து உட்புகுவதை அது குறைக்கக்கூடும். இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற இந்திய நகர நுளம்பு மன்னாரில் அகப்பட்டது, பின்னர் யாழ். நகரக் கிணறுகளிலும். டி.டி.ரி.யும் மலத்தியனும் அதனிடம் செல்லாது.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் வள்ளங்கள், பழைய ரயர்கள், சிரட்டைகள், மூடாத தாங்கிகள், ஆளில்லாக் காணிகளின் பாழ்கிணறுகள்: இவற்றை நாங்களே பார்க்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள காணிச் சொந்தக்காரர்கள் தங்கள் கிணறுகளுக்கு வலை போடவோ கப்பி மீன் விடவோ எங்களுக்கு அனுமதி தர வேண்டும்.

புகை வேண்டாமென்றால் பயப்படும் தாய்மார்களின் நியாயம் எங்களுக்குத் தெரியும். இங்கே காய்ச்சல் முற்றினால் படகேறி ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உண்மையில் நோய் வரும் நாளில் அடிக்கும் மருந்து வேலை செய்யவேண்டும் என்பதே எங்கள் அக்கறையும்.

சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்பது இதுதான். தீவுகளின் நுளம்புகளைப் பிடித்து, பாவிக்கும் மருந்து ஒவ்வொன்றுக்கும் சோதித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், சோதித்த நுளம்புகளில் 98 வீதமாவது செத்தால்தான் மருந்து பலிக்கிறது என்று பொருள். 90 வீதத்துக்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. முடிவைத் தமிழில் எழுதி, ஐப்பசி மழைக்கு முன் எங்கள் இறங்குதுறையில் ஒட்டுங்கள்.