பிரெஞ்சியன் முந்தியிருந்தால்…?

காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையில் கிடக்கும் ஓரிக்கை என்னும் ஊரின் பெயருக்குள் ஒரு மானக்கதை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. திருமழிசையாழ்வாரின் மாணாக்கன் கணிகண்ணன் பல்லவ வேந்தனைப் பாட மறுத்தான். வேந்தன் அவனை நாட்டை விட்டே போகச் சொன்னான். மாணாக்கன் போக, ஆசிரியரும் போனார். ஆசிரியர் சொற்கேட்டு வெஃகாவில் பள்ளிகொண்ட திருமாலும் தன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்போனான் என்பது கதை. அவர்கள் அன்றிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை; அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்றென்பர். காஞ்சி இருளடைந்தது கண்ட வேந்தன் ஓடிவந்து பொறுத்தருள வேண்டினானாம். கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. அதன் உட்கருத்தை மட்டும் எவரும் விடுதற்கில்லை. பாட மறுத்த புலவன் ஒருவன் முன், முடிபுனைந்த வேந்தன் தாழ்ந்தான் என்பதே அது. ‘எந்த வேந்தனைப் பாடினால் மிகுதியாய்ப் பொருள் கிடைக்கும்?’ என்று கணிகண்ணன் எண்ணிப் பார்க்கவில்லை!

அந்தக் கணிகண்ணன் பிறந்த மண்ணில்தான் இன்று, கற்றறிந்தார் சிலரிடையே ஒரு வீண் ஏக்கம் உலவி வருகின்றது. “ஆங்கிலேயன் வந்ததற்கு மாறாகப் பிரெஞ்சியன் முந்தி வந்திருந்தால் தமிழன் நிலை உயர்ந்திருக்கும்” என்பதே அவ்வேக்கம். பாரதியாருக்கு 1908 முதல் 1918 வரை புகலிடம் தந்தது புதுச்சேரி. பாவேந்தரைப் பெற்றதும் புதுச்சேரி. நேரான தெருக்களை அமைத்ததும், உரிமை, ஒப்புமை, உடன்பிறப்பு என்று முழங்கியதும் பிரெஞ்சியரே. ஆகவே அவர்கள் ஒரு நூற்றாண்டு முந்தி வந்திருந்தால் தமிழகம் முழுவதும் புதுச்சேரியாய்ப் பொலிந்திருக்கும் என்று இவர்கள் கணக்கிடுகின்றனர். இக்கணக்கை ஒருமுறை சரிபார்த்துவிடுதல் நன்று.

பிரெஞ்சியர் ஏன் பிந்தினர் என்பதை முதலில் காண்க. 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கினர். ஆங்கிலேயர் 1600-இலும் ஒல்லாந்தர் 1602-இலும் வணிகக் குழுமங்கள் கண்டனர். 1620-இல் தேனியர் தரங்கம்பாடியில் காலூன்றினர். 1639-இல் ஆங்கிலேயர் நாயக்கத் தலைவரிடம் மணல்மேடொன்றைப் பெற்றுச் சென்னையில் கோட்டைக்குக் கால்கோள் செய்தனர். பிரெஞ்சியரின் நிலைத்த குழுமமோ, பதினான்காம் உலூயி மன்னன் காலத்தில் கோல்பேர் என்னும் அமைச்சனால் 1664-இல்தான் தோன்றியது. அவர்களுக்குக் கடல் தெரியாமற் போகவில்லை. 1529-ஆம் ஆண்டிலேயே தியேப்புத் துறைமுகத்திலிருந்து பார்மாந்தியே உடன்பிறப்பாளர் இருவர் இரு கப்பல்களில் சுமத்திரா வரை வந்தனர். வந்தவிடத்திலேயே இருவரும் மாண்டனர். அவ்வழியைப் பின்பற்றி அடுத்தடுத்துக் கப்பல்கள் வருமுன், அந்நாட்டிற் சமயப்போர் மூண்டது. 1562 முதல் 1598 வரை கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சமயத்தாரும் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்தனர். வீட்டுக்குள் வெட்டிக்கொண்டவனுக்கு வெளிக்கடல் எட்டவில்லை. ஒற்றுமையின்மையால் அவன் ஒரு நூற்றாண்டை இழந்தான். அதே ஒற்றுமையின்மையால் தமிழன் தன் நாட்டையே இழந்தான்!

இனி, அந்தச் சமயப்போர் நிகழவில்லை என்றே கொள்வோர் கொள்க. 1540-ஐ ஒட்டிச் சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக் கோட்டையொன்று எழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்க. அப்போது தமிழகத்தில் யார் ஆட்சி? விசயநகரத்தார் ஆட்சி! 1565-இல் அப்பேரரசு தலைக்கோட்டைப் போரில் நொறுங்கிய பின், செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் தனித்தனியே கொடிபிடித்தனர். தமிழ்நாட்டின் தலைவிதியை எழுதும் எழுத்தாணி அப்போதே தமிழன் கையில் இல்லை. ஒருவனுக்கெதிராக மற்றவனைத் தூண்டி, இருவருக்கும் படை விற்று, முடிவில் இருவரையும் விழுங்கும் வேலையை அன்றே பிரெஞ்சியன் தொடங்கியிருப்பான். இது வெறுங் கற்பனை அன்று. ஈராண்டு பிடித்து வைத்திருந்த மயிலாப்பூர்ச் சாந்தோமை 1674-இல் இழந்த பிரெஞ்சியர், அவ்வாண்டே பீசப்பூர் அரசின் ஆளுநன் செர்கான் லோடியின் இசைவு பெற்றுப் புதுச்சேரியில் குடியேறினர். அது தமிழன் தந்த இசைவன்று. துய்ப்பிளே என்னும் ஆளுநன் 1749-இல் சந்தா சாகிபுவைத் தூக்கி நிறுத்தினான். ஆங்கிலேயன் முகமதலியைத் தூக்கி நிறுத்தினான். ஆம்பூரிலும் ஆர்க்காட்டிலும் வந்தவாசியிலும் யார் யாரோ மோதினர். மிதிபட்டது தமிழன் கழனி. எரிந்தது தமிழன் கூரை!

காஞ்சிக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1751-இல் காஞ்சிக் கோயிலையே அரணாக்கிக்கொண்டு பிரெஞ்சுப் படை இருந்தது; கிளைவு வந்து அதனைப் பிடித்தான். 1757-இல் பிரெஞ்சுப் படை மீண்டும் வந்து கோயிலைத் தாக்கித் தோற்று, தோற்ற வெகுளியில் ஊருக்குத் தீயிட்டுச் சென்றது. கல்லாலான கோயில் நின்றது. ஓலையும் மரமுமான வீடுகள் எரிந்தன. வீட்டினுள் தறியும், தறியில் பாவும் இருந்திருக்குமன்றோ? ‘பிரெஞ்சியன் நல்லவன்’ என்று காஞ்சியைச் சூழ்ந்த நெசவூர்களில் போய்ச் சொல்வார் அத்தீயை நினைந்து சொல்லுக!

நெசவென்றவுடன் வேறொன்றும் நினைவுக்கு வரவேண்டும். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் சாயத் துணியும் ஐரோப்பாவை மயக்கிய காலத்தில், தன் நாட்டுப் பட்டுத் தறிகளும் கம்பளித் தறிகளும் நலிகின்றன என்று கண்ட பிரெஞ்சு அரசு, 1686-இல் வண்ணமிட்ட பருத்தித் துணிகளுக்குத் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. ஆங்கிலேயனும் 1700-இலும் 1721-இலும் அவ்வாறே தடுத்தான். எனின், புதுச்சேரியில் தோய்த்த நீலத்துணியைப் பிரெஞ்சியர் எங்குக் கொண்டு சென்றனர்? ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்கு! அங்கே அது பிசினுக்கு மாற்றாயிற்று. அடிமை வணிகத்திற்கும் பயன்பட்டது. தமிழன் நெய்த துணியைக் கொடுத்துக் கறுப்பனை வாங்கினான் வெள்ளையன். இலியோன் நகரத்துப் பட்டுத் தறியைக் கண்ணை இமை காப்பதுபோற் காத்தவன், நூறாண்டு முந்தி இங்கு வந்திருந்தால் காஞ்சித் தறியையும் அவ்வாறே காத்திருப்பானா? எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தி வந்திருந்தால், தடையும் முந்தியே வந்திருக்கும், அவ்வளவே!

மொழிநிலை என்ன ஆகியிருக்கும் என்பதே தலையாய வினா. கடற்கரை ஓரங்களில் மட்டும் கால்வைத்த போர்த்துகீசியன் விட்டுச்சென்ற சன்னலும் சாவியும் அலமாரியும் மேசையும் இன்றும் தமிழ் வீடுகளை விட்டு வெளியேறவில்லை. நாட்டையே நானூறாண்டு ஆள்பவன் எத்தனைச் சொற்களை விட்டுச் சென்றிருப்பான்? பிரெஞ்சியன் மொழித்துறையில் பிறரினும் கடுமையானவன். 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னன் வில்லர்-கொத்தரேயில் பிறப்பித்த ஆணை, முறைமன்றங்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் இலத்தீனை விரட்டிப் பிரெஞ்சை அமர்த்தியது. 1794-இல் கிரெகுவார் என்பார், நாட்டின் வட்டார மொழிகளை அழித்துப் பிரெஞ்சை எங்கும் பரப்ப வேண்டும் என்று புரட்சிப் பேரவையின் முன் அறிக்கையே படித்தார். பிரெத்தோனியமும் ஒக்சித்தானியமும் பாசுக்கும் பள்ளிகளில் இழிவுபடுத்தப்பட்டன. 2021-இல்கூட, வட்டார மொழி வழியாகவே முழுப்பாடமும் கற்பிக்கும் முறை அரசியலமைப்புக்கு மாறானது என்று பாரிசில் தீர்ப்பாயிற்று. தன் வீட்டு உடன்பிறப்பின் நாவையே அறுத்தவன், கடல்கடந்து வந்து தமிழின் நாவுக்குத் தேன் தடவியிருப்பான் என்பது பேதைமை!

இதற்குச் சான்று தேடிக் கற்பனைக்குட் புக வேண்டுவதில்லை. தமிழர், பிரெஞ்சு ஆட்சியின்கீழ் முழுமையாக வைக்கப்பட்ட இடங்கள் உண்மையிலேயே உள்ளன. 1848-இல் பிரெஞ்சு அரசு அடிமைமுறையை ஒழித்தது. ஒழித்த கையோடு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றியது. இரீயூனியன் தீவுக்குப் பல்லாயிரவர் சென்றனர். 1853 தொடங்கி மார்த்தினிக்குத் தீவுக்கு ஏறத்தாழ 25,000 பேரும், 1854 தொடங்கிக் குவாதலூப்புத் தீவுக்கு ஏறத்தாழ 42,000 பேரும் இந்தியத் துறைகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். அவருள் தமிழர் மிகப் பலர். அவர்தம் கொள்ளுப்பேரர் இன்று என்ன மொழி பேசுகின்றனர்? பிரெஞ்சும் கிரியோலும்! மாரியம்மன் வழிபாடும் தீமிதியும் நிற்கின்றன. வழிபடும் மொழி வாயில் நிற்கவில்லை. பொருள் தெரியாத தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்செழுத்தில் எழுதிவைத்துப் பாடுகின்றனர். குவாதலூப்பில் பிறந்த இந்திய வழியினர்க்குக் குடியுரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்ற ஆன்றி என்பாரின் குடும்பப் பெயர் சிதம்பரம்! பெயரில் தில்லை இருந்தது. அத்தீவில் தமிழ் இல்லை. இந்த நிலையைத்தான் தமிழகம் முழுமைக்கும் வேண்டி ஏங்குகின்றனரோ, பிரெஞ்சுப் புகழ் பாடுவோர்?

நடுநிலை தவறாமற் சொல்ல வேண்டியதையும் சொல்லுதல் வேண்டும். பிரெஞ்சிந்தியாவுக்கு 1848-இலேயே பாரிசு மன்றத்தில் ஓர் இருக்கை தரப்பட்டது. ஆங்கிலேயன் அத்தகையதொன்றைச் சென்னைக்குக் கனவிலும் தந்ததில்லை. ஆங்கிலேயன் துரத்திய விடுதலை வீரர்க்குப் புதுச்சேரி நிழல் தந்ததும் உண்மையே. ஆனால் அந்நிழல் தமிழன்பால் கொண்ட அன்பினால் விரிந்ததன்று. இரு வல்லாட்சிகள் எல்லை பிரித்துக்கொண்டு நின்றமையால் இடையே விழுந்த நிழல் அது. நாடு முழுவதும் பிரெஞ்சியனுடையதாகவே இருந்திருப்பின், பாரதியார் எந்த எல்லையைத் தாண்டி எந்தப் புதுச்சேரிக்குப் போயிருப்பார்? அல்சீரியாவில் 1830 முதல் 1962 வரை பிரெஞ்சியன் நடத்திய ஆட்சியையும், அதன் கடைசி எட்டாண்டுகளில் ஓடிய குருதியையும் அறிந்தவர் இதற்கு விடை அறிவர். 1881-இல் வந்த ஆணையோ, சொந்த வழக்காறுகளைத் துறந்து குடும்பப் பெயர் சூடிக்கொள்பவனுக்கே பிரெஞ்சுச் சட்டத்தின் முழு உரிமை என்றது. ஒப்புமை வேண்டுமெனில் உன்னைத் துறந்து வா என்பதே அதன் பொருள்.

ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு இதற்கெல்லாம் கண்கண்ட சான்று. துய்ப்பிளேயின் வலக்கையாய் விளங்கியவர் அவர்; பல்லக்கும் பட்டமும் பெற்றவர். அத்தகையவர் அருகிருந்தும், 1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்படுவதைத் தடுக்க அவரால் இயலவில்லை. இடித்ததை எழுதி வைக்கத்தான் இயன்றது! அயலான் ஆட்சியில் தமிழன் எட்டக்கூடிய உச்சி அதுவே. 1761-இல் ஆங்கிலேயன் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். அங்கிருந்த அச்சுப்பொறியை எடுத்துச் சென்று சென்னை வேப்பேரியில் வைத்தான். ஒருவன் கோயிலை இடித்தான். மற்றவன் ஊரையே இடித்தான். இவ்விருவருள் நல்லவன் யார் என்று தமிழன் தேர்வு நடத்திக்கொண்டிருப்பது வெட்கக்கேடு!

பிரெஞ்சியனிடமிருந்து தமிழன் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று உண்டு. அது அவன் தன் மொழிமேல் வைத்த வெறிகலந்த காதல். 1539-இல் இலத்தீனை முறைமன்றத்தை விட்டு இறக்கினான். 1994-இல் சட்டமியற்றி விளம்பரங்களிலும் ஒப்பந்தங்களிலும் பிரெஞ்சே இருத்தல் வேண்டுமென்றான். புதுச்சேரியை விட்டுப் போகும்போதுகூட, 1956-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், மக்களின் சார்பாளர் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாய் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போனான். கோட்டையைக் கொடுத்தான், கொத்தளத்தைக் கொடுத்தான், மொழியைக் கொடுக்க மனம் வரவில்லை!

தமிழன் என்ன செய்தான்? பிரெஞ்சு மன்னன் ஆணையிட்டு ஐந்நூறாண்டை எட்டும் இந்நாளிலும் சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் ஏறவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்முறைமன்றங்களில் இந்தி ஒப்பப்பட்டுவிட்டது. தமிழும் அவ்வாறே வேண்டும் என்று 2006-இல் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானத்திற்கு மட்டும் இசைவு கிடைக்கவில்லை. அதே அரசியலமைப்பு! அதே விதி! அவனுக்குத் திறந்த கதவு தமிழனுக்கு மூடிக்கிடக்கின்றது. காஞ்சித் தறியாளன் ஒருவனின் வழக்கு அங்குச் சென்றால், அவன் வாழ்வையோ தாழ்வையோ முடிவு செய்யும் சொற்கள் அவனுக்குப் புரியாத மொழியில்தான் இன்றும் ஒலிக்கின்றன. பிரெஞ்சியன் முந்தியிருந்தாலும் ஆங்கிலேயன் முந்தியிருந்தாலும் இந்நிலையில் வேறுபாடு என்ன? மொழியின் பெயர் மாறியிருக்கும், புரியாமை மாறியிராது.

ஆகலின், ‘எந்த அயலான் முந்தியிருந்தால் நலம்?’ என்னும் வினாவைத் தமிழர் கைவிடுக. அஃது அடிமை, தன் விலங்கு இரும்பினதா வெண்கலத்தினதா என்று ஆய்வது போன்றது. ‘தமிழன் பிந்தாதிருந்தால்?’ என்பதே கேட்கத்தக்க வினா. சோழனின் கப்பல்கள் கடாரம் வரை சென்ற கரையில், பின்னாளில் கப்பல் கட்டுவார் ஏன் குன்றினர்? மூவேந்தர் மண்ணில், முடிவில் ஒரு வேந்தனும் ஏன் எஞ்சவில்லை? சாதியால் பிளந்து, அயன்மொழிக்கு அரியணை தந்து, வந்தவனையெல்லாம் வாழ வைத்துத் தான் வாழாதுபோன பிழை யாருடையது? அவ்வினாக்களுக்கு விடை தேடுவோன் வரலாற்றைக் கற்றவன் ஆவான். மற்றவன் வரலாற்றை வைத்துத் தாயமாடுபவன்.

ஓரிரவு தங்க வந்தவர்கள் முந்நூறாண்டு தங்கிவிட்டுப் போயினர். அவர்கள் விட்டுச்சென்ற இருக்கைகளில் அவர்கள் மொழியே இன்னும் அமர்ந்திருக்கின்றது. கணிகண்ணன் வேந்தனைப் பாட மறுத்தான். அவன் பின்னே ஆசான் எழுந்தான். ஆசான் பின்னே காஞ்சியே எழுந்தது. ஒருவன் மறுத்தால் ஊரே எழும் என்பதை ஓரிக்கை தன் பெயரில் எழுதி வைத்திருக்கின்றது. அப்பெயரைப் படிக்கத் தெரிந்த தமிழர் மறுக்கவும் கற்பாராக! முறைமன்றத்திலும் கல்விக்கூடத்திலும் கோயிலிலும் ஆட்சிமன்றத்திலும் தமிழ் அமரும் இருக்கை ஓரிரவு இருக்கையாக அன்றி, என்றும் நின்று நிலைக்கும் இருக்கையாகுக!