அஞ்சு ஸ்டார் யாருக்கு?

மைலேஜ் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்த ஜனம் இப்போது எத்தனை ஸ்டார், அடாஸ் இருக்கா என்று கேட்கிறது. நல்ல மாற்றம்தான், சந்தோஷம். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

அடாஸ் என்னவென்று தெரியாதவர்களுக்கு: முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, சில வண்டிகளில் கூடவே முன்பக்கம் ஒரு ரேடார். முன்னால் போகிற வண்டியை ரொம்ப நெருங்கினால் கத்தும். நாம் கண்டுக்கவில்லை என்றால் தானே பிரேக் போடும். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பும். இங்கே 2020-ல் எம்ஜி குளோஸ்டர், 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 என்று பெரிய வண்டிகளில் ஆரம்பித்தது. 2023-ல் நம்ம இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியிலிருந்து வந்த வெர்னாவிலும் வந்துவிட்டது.

"நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்து வராதுப்பா" என்று ஒரு கோஷ்டி சொல்லும். பாதி உண்மை. டிடிகே ரோட்டில் கோட்டைப் பார்த்து ஓட்டுகிற வசதிக்கு என்ன வேலை? கோட்டை யார் மதிக்கிறார்கள்? இடது பக்கம் கிடைக்கிற சந்தில் ஆட்டோ அண்ணன் சொருகுவார், எல்டாம்ஸ் ரோடு திரும்புகிற பைக் நம்ம மூக்கை உரசிக்கொண்டு போகும். கார் பாவம், கத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு நண்பர் புதுக் கார் எடுத்தார். ஷோரூம் பேர் வேண்டாம். போனை ப்ளூடூத்தில் சேர்ப்பது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார்களாம். வண்டி தானாக எப்போது பிரேக் போடும், எப்போது போடாது என்று ஒரு வார்த்தை கிடையாது. மூணாவது நாள் சத்தம் தாங்காமல் மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அன்றோடு சரி.

கம்பெனிகள் கற்றுத் தருவதே இல்லை என்று சொல்ல முடியாது. மாருதி 2005-லேயே டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தது. ஹூண்டாய் 2016-ல் ஷாருக்கானை வைத்துச் சாலைப் பாதுகாப்பு பிரசாரம் தொடங்கியது. நல்ல காரியங்கள். ஆனால் சாவியைக் கையில் கொடுக்கிற அந்த ஒரு மணி நேரத்தை விடப் பெரிய வகுப்பறை எது சொல்லுங்கள்?

இனி என் குறுகுறுப்புக்கு வருகிறேன். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். நூறில் அறுபத்து நாலு பேர் காருக்கு வெளியே இருந்தவர்கள்! விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. உயிரிழப்பு 17,884, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

2023-ல் பாரத் என்கேப் வந்தபோது ஸ்டாருக்கான மோதல் மார்க் எப்படிப் போட்டார்கள்? 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் மோதி, 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் மோதி, பொம்மைகளுக்கு எவ்வளவு அடி என்று பார்த்து. அந்தப் பொம்மைகள் எல்லாம் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தன. என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. காய்கறி வாங்க தினமும் சி.பி. ராமசாமி ரோட்டைத் தாண்டுகிறாள். அவளுக்கு எத்தனை ஸ்டார்?

இத்தனைக்கும் அவளுக்கான தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. நடந்து போகிறவரைக் கண்டுபிடித்துத் தானே நிற்கிற பிரேக்குக்கு ஐரோப்பிய என்கேப் 2016-லேயே மார்க் போட ஆரம்பித்துவிட்டது. மழையில், இருட்டில், கண்டபடி விரட்டினால் அதுவும் கோட்டை விடும்தான். ஆனாலும் பத்து தடவையில் சில தடவை நின்றால்கூட அது ஒரு உயிர். இங்கே அது பெரும்பாலும் உச்ச வேரியண்டில், சன்ரூஃபோடு சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கிடைக்கிறது. வானத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவன் வண்டி முன்னால் வந்தால்தான் அம்மா பிழைப்பாள் போலிருக்கிறது :-)

"விலை ஏறிடுமே" என்பீர்கள். ஏபிஎஸ்ஸுக்கும் இதையேதான் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் எல்லாக் காருக்கும் கட்டாயம் ஆனது, யாரும் கார் வாங்குவதை நிறுத்தவில்லை. ஆறு ஏர்பேக்கை எல்லா மாடலிலும் ஹூண்டாய் 2023 அக்டோபரில் தானாகவே கொடுத்தது. வால்வோ 1959-ல் கொண்டுவந்த மூன்று முனை சீட் பெல்ட்டை மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டது. மனசு இருந்தால் நடக்கிற காரியம்தான். ஒற்றைக் கேமராவை வைத்தே பிரேக் போடுகிற கார்கள் இங்கேயே ஓடுகின்றன. கோடு பிடிக்கிற வித்தை, க்ரூஸ் எல்லாம் உச்ச வேரியண்டிலேயே இருக்கட்டும். அந்த பிரேக்கை மட்டும் கீழே இறக்குங்கள் ஐயா.

சக பதிவர்களே, அடுத்த முறை ஷோரூம் போனால் ஸ்டாரைக் கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: "கீழ் வேரியண்டு குறுக்கே ஆள் வந்தால் நிற்குமா?" நிற்கும் என்றால் எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் விற்கிறவன் மேலே சொல்வான். நாற்பதாயிரம் பேர் கேட்டால் ஃபேக்டரியிலேயே மாட்டி அனுப்புவான்.