ஒரு நூல், இரண்டு ஊசி

1870களின் அமெரிக்க மேற்குப் பகுதியில் நடப்பதாகச் சொல்லப்படும் கதையொன்றின் நாயகன், தொடைவரை தாழத் தொங்கி, நுனியில் தோல்வாரால் காலோடு கட்டப்பட்ட துப்பாக்கி உறையுடன் தெரு நடுவே வந்து நிற்பானாயின், அவன் இடுப்பில் இருப்பது 1950களின் பொருள் என்று துணிந்து கூறலாம். இவ்வாரம் தொலைக்காட்சியில் மறுபடியும் ஒளிபரப்பான பழைய கௌபாய்ப் படமொன்றில் இப்பிழை முதற்காட்சி முதல் இறுதிவரை ஆடிக்கொண்டே இருந்தது. திரைப்படங்களில் பொருட்பிழை தேடுவதை இனிக் கைவிடுவதாகப் பூட்டுகள் பற்றிய பத்தியின் முடிவில் இப்பத்தியாளர் அளித்த வாக்குறுதி வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அவ்வாக்குறுதி இத்துடன் மீறப்படுகிறது.

இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிக்கும் கெட்ட பழக்கத்தை ஊட்டியது, ரிச்சர்ட் ராட்டன்பரி எழுதி 1993இல் வெளியான ‘பேக்கிங் அயர்ன்’ என்னும் நூல். ‘இரும்பு சுமத்தல்’ என்பது துப்பாக்கி தரித்தலைக் குறிக்கும் கொச்சை வழக்கு. எஞ்சியிருக்கும் பழைய உறைகளையும் அக்காலப் புகைப்படங்களையும் அருகருகே வைத்துக் காட்டும் இந்நூலைப் புரட்டியவருக்குப் பின்னர் எந்தக் கௌபாய்ப் படமும் நிம்மதி தராது. சாமுவேல் கோல்ட் 1847இல் உருவாக்கிய வாக்கர் வகைச் சுழல்துப்பாக்கி ஏறக்குறைய இரண்டு கிலோ எடையுள்ளதாகையால், அதனை மனிதனின் இடுப்பு சுமக்கவில்லை, குதிரையின் சேணமே சுமந்தது. எடை குறைந்த துப்பாக்கிகள் வந்தபின், தங்கவேட்டைக் காலத்துக் கலிஃபோர்னியாவில் துப்பாக்கியின் வடிவத்தோடு ஒட்டிய ஒடுங்கிய இடுப்புறை பரவியது. 1870களில் அதனிடத்தைப் பிடிக்கத் தொடங்கியது ‘மெக்சிகன் வளைய உறை’. இதில் ஒரே தோல்துண்டின் ஒரு பாதி பையாக மடித்துத் தைக்கப்படும். அகன்ற மறுபாதி பின்புறமாகக் கீழே மடிக்கப்பட்டு, அதில் குறுக்கே கீறிய பிளவுகளுக்குள் அப்பை செருகப்படும். மடிப்பினூடே கச்சை நுழையும். இவ்வகையில் உறை கச்சையின் மட்டத்திலேயே உயர்ந்து நிற்கும். துப்பாக்கியைத் தூசியிலிருந்து காப்பதும், குதிரை பாயும்போது அது நழுவி விழாமல் பிடித்துக்கொள்வதுமே அதன் கடமை; நொடிப்பொழுதில் உருவித் தருவதன்று.

கச்சையையே அகலமாக வெட்டி, அதிலிட்ட துளையிலிருந்து உறையைத் தாழத் தொங்கவிடும் ‘பஸ்கடேரோ’ அமைப்பு இருபதாம் நூற்றாண்டினது. தோல் அடுக்குகளுக்கிடையே உலோகத் தகடு வைத்து, உறைக்குள்ளிருக்கும்போதே தோட்டா உருளை தடையின்றிச் சுழல வழிசெய்தவர் ஆர்வோ ஓஹாலா. நடிகர்களுக்குத் துப்பாக்கி உருவக் கற்றுத்தந்த இவரே, 1955இல் தொடங்கிய ‘கன்ஸ்மோக்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்புக் காட்சியில் நாயகனுக்கு எதிரே நின்றவர்.

படத்தின் பிழைகளை அடுக்க இன்னும் இடமுண்டு. ஆனால் மேற்கண்ட மெக்சிகன் உறையின் விளிம்பில் ஓடும் ஒற்றைத் தையல் வரி, படத்தைவிடப் பெரிய பொருளாதலால், படம் இங்கேயே விடப்படுகிறது.

அவ்வுறைகளைச் செய்தோர் பெரும்பாலும் சேணம் செய்யும் கடைக்காரர்கள். வயோமிங்கின் செயென் நகரில் மீனியாவின் கடைபோல் தம் பெயர் முத்திரையை உறையில் பதித்தோரும் உண்டு. சேணத்துக்குரிய தோலே உறைக்கும் உரியதாயிற்று. அது எட்டு, ஒன்பது ‘அவுன்ஸ்’ தோல் எனப்படும். எடையளவு தடிமனளவானது எப்படி எனில், ஒரு சதுர அடித் தோல் ஓர் அவுன்ஸ் எடையிருந்தால் அதன் தடிமன் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் என்பது பழைய கணக்கு. எனவே எட்டு அவுன்ஸ் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இத்தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிடப்பட்டதாக இருத்தல் வேண்டும். நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்யும் வேலையை அங்கே ஓக் மரப்பட்டை செய்தது. பட்டையில் பதனிட்ட தோல் நனைந்தால் இளகும். துப்பாக்கியை உள்ளே வைத்து, வழவழப்பான எலும்புத் துண்டால் அதன் வடிவை வெளியே அழுத்தி எடுத்து, வெயிலில் இடாமல் மெல்ல உலர்த்தினால், அவ்வடிவத்திலேயே இறுகிவிடும். குரோமிய உப்பில் பதனிட்ட மென்தோல் அப்படி நிற்காது.

வடிவம் தருவது தோலாயினும், அதைக் காலத்துக்கும் காப்பது தையல். ‘சேணத் தையல்’ எனப்படும் இம்முறையில் நூல் ஒன்று, ஊசி இரண்டு. தைக்க வேண்டிய நீளத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு நீளமுள்ள லினன் நூலில் தேன்மெழுகு ஏற்றி, அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி கோக்கப்படும். தோல் மரக்கவ்வியில் பிடிக்கப்பட்டுத் தொடைகளுக்கிடையே நிற்க, குத்தூசி ஒரு துளையிடும். வலக்கை ஊசி இடப்புறமும் இடக்கை ஊசி வலப்புறமுமாக அதே துளைவழியே கடந்துசெல்லும். இரு கைகளும் ஒரே அளவு விசையுடன் இழுக்கும். அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறை இது நிகழ்கிறது. இயந்திரத் தையலிலோ மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றி நிற்கின்றன. ஒரு நூல் தேய்ந்து அறுந்தால் மற்றது பற்ற ஏதுமின்றித் தளரும். சேணத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும், அதே துளைகளில் மறுபுறமிருந்து ஓடும் பாதி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்விடத்தில், இப்பத்தியில் ஏற்கெனவே பன்முறை ஒலித்த புகார் மீண்டும் ஒலிப்பதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ‘கைவேலை’ என்னும் சொல் இன்று விற்பனைச் சீட்டுகளில் பொருளிழந்து கிடக்கிறது. கையால் வெட்டி, கையால் பூவேலை செய்து, விளிம்பை மெழுகிட்டுத் தேய்த்து, இயந்திரத்தில் தைத்த உறையும் கைவேலை என்றே விற்கப்படுகிறது. இயந்திரம் குற்றமுடையதன்று; எலையாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846இல், கோல்ட்டின் புகழ்பெற்ற ‘பீஸ்மேக்கர்’ துப்பாக்கிக்கு 27 ஆண்டுகள் முன்பே. குற்றம் சீட்டில் உள்ளது. பூவேலை கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு விலையுண்டு. தோலின் தடிமனுக்குள் நூல் கடக்கும் வழி யார் கண்ணுக்கும் தெரியாததால், அங்கேதான் முதலில் நேரம் மிச்சப்படுத்தப்படுகிறது.

உறையோ, கைப்பையோ, இடுப்புக் கச்சையோ, கையால் தைத்தது என்று சொல்லி விற்கப்படும் எந்தத் தோல்பொருளையும் வாங்குமுன் வாசகர்கள் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: இத்தையலில் நூல் ஒன்றா, இரண்டா?