ரீசார்ஜுக்கு வரி உண்டு, விளம்பர லாபத்துக்கு?

கூலி வேலைக்குப் போகும் அம்மா மகளின் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்கிறார். அந்தத் தொகைக்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. உங்கள் வருமானம் எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. அதே கைபேசியில் ஓடும் விளம்பரத்துக்காக நம் ஊர்க் கடைக்காரர் கட்டும் பணம், சுற்றி வளைத்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் போய்ச் சேருகிறது. அந்த லாபத்துக்கு இங்கே வருமான வரி உண்டா? பெரும்பாலும் இல்லை.

இதில் திருட்டு எதுவும் இல்லை, எல்லாம் சட்டப்படிதான். இந்தியா அமெரிக்காவோடு 1989இல் போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் என்ன சொல்கிறது? அந்த நாட்டு நிறுவனத்துக்கு இங்கே நிரந்தரத் தொழிலிடம் இருந்தால்தான் அதன் வணிக லாபத்துக்கு நாம் வரி போடலாம். ஆலை, கிளை, அலுவலகம் என்று இருந்த காலத்துக்கு அது சரி. சர்வரை வெளிநாட்டில் வைத்துக்கொண்டு இங்கே சம்பாதிப்பவர்களை அந்த விதி தொடுவதில்லை. 2018இல் ‘கணிசமான பொருளாதார இருப்பு’ என்ற விதியை வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் ஒப்பந்தம் தனக்குச் சாதகமாக இருந்தால் நிறுவனம் அதையே பிடித்துக்கொள்ளலாம்.

இதைத் தாண்டத்தான் 2016இல் இணைய விளம்பரங்களுக்கு 6 சதவீதச் சமன்படுத்தும் வரி வந்தது. வருமான வரிச் சட்டத்துக்கு வெளியே வைத்ததால் ஒப்பந்தம் குறுக்கே வரவில்லை. 2020இல் வெளிநாட்டு இணைய வணிகத்துக்கு 2 சதவீதம் சேர்ந்தது. இது பாரபட்சமானது என்று அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் 2021 ஜனவரியில் அறிவித்தது. (பாரபட்சம் என்ற சொல்லை யாரெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள், பாருங்கள்.) 2024 ஆகஸ்டில் 2 சதவீதம் போனது. 2025 ஏப்ரலில் 6 சதவீதமும் போனது.

அந்த வரியும் குறையில்லாதது அல்ல. சில நிறுவனங்கள் அதை விளம்பரம் கொடுப்பவர் தலையிலேயே கட்டின. அதனால் அதையே திரும்பக் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை, ஒப்பந்தங்களைத் திருத்து என்கிறோம். ஐ.நா. மாதிரி ஒப்பந்தத்தில் 2021இல் சேர்ந்த 12பி பிரிவு, தொழிலிடம் இல்லாவிட்டாலும் தானியங்கி டிஜிட்டல் சேவைக்கான கட்டணத்துக்கு, பணம் புறப்படும் நாடு வரி போட வழி தருகிறது. ஆனால் இரு நாடுகளும் அதைத் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்தான் செல்லும்.

உதவித்தொகை தாமதமானால் நிதி இல்லை என்கிறார்கள் அல்லவா? அடுத்த முறை உங்கள் எம்.பி.யைப் பார்க்கும்போது, 12பியை எந்த நாட்டோடு பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். நாங்களும் கேட்கப் போகிறோம்.