பழைய பாலத்துக்குப் புதிய பணி

அமெரிக்காவில் டென்னசி, ஆர்க்கன்சா ஆகிய இரு மாநிலங்களுக்கிடையே மிசிசிப்பி மகாநதியைக் கடந்து நிற்கும் ஹாராஹன் பாலம், 1916-ஆம் ஆண்டில் ரயில் போக்குவரத்துக்காக எழுந்ததாயினும், தன் எஃகுச் சட்டங்களின் இரு புறத்திலும் மரப்பலகை பாவிய ஒற்றைத் தடங்களைத் தாங்கி, 1949-இல் அருகிலேயே நெடுஞ்சாலைப் பாலம் திறக்கப்படும்வரை, மோட்டார் வண்டிகளுக்கும் உபகாரமாக இருந்தது. 1928-இல் அப்பலகைகள் தீக்கிரையானபோதும், அவை மீண்டும் அமைக்கப்பட்டன.

பின்னர் பல்லாண்டு காலம் உபயோகமற்றுக் கிடந்த தடங்களுள் ஒன்றைச் செப்பனிட்டு, 2016-இல் பாதசாரிகளுக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் திறந்துவிட்டார்கள். வலைக்கம்பி வேலிக்கு அப்பால் சரக்கு ரயில் தடதடத்து ஓட, இப்பால் ஜனங்கள் சாவகாசமாக நடந்து ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றை அடைகிறார்கள்.

பராமரிப்புச் செலவு வீண் என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஆனால் சாயம் பூசுவதும், ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பரிசோதிப்பதும், புழக்கத்தில் உள்ள பாலத்துக்கே ஒழுங்காக நடைபெறுகின்றன. ஞாபகார்த்தக் கல்வெட்டு எந்த இரும்பையும் துருவிலிருந்து காத்ததில்லை. ஆகையால், புதுப்பாலம் எழுந்தவுடன் பழையதை இரும்பு விலைக்கு எடைபோட விரையும் அதிகாரிகள், அதற்கு வேறு என்ன உத்தியோகம் கொடுக்கலாம் என்பதை முதலில் ஆலோசிப்பது அவசியம்.