பழைய துறைமுக வரைபடங்களை யாருக்காகப் படிக்கிறோம்?



ஆய்வுக்காகச் சில மாதங்களாக வளைகுடாவின் பழைய கடல் வரைபடங்களைப் பார்த்துட்டு இருக்கேன். பிரிட்டிஷ் நூலகமும் கத்தார் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் கத்தார் மின்னூலகத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. நம்மில் பலர் "எவ்வளவு அழகு!" என்று இவற்றைப் பகிர்கிறோம். அழகுதான். ஆனா எதுக்காக வரைஞ்சாங்க என்றும் கேட்கணும்.

1819 டிசம்பரில் பம்பாயிலிருந்து போன பிரிட்டிஷ் படை ராஸ் அல் கைமாவைத் தாக்கித் தகர்த்தது. சொன்ன காரணம் 'கடற்கொள்ளை'. 1820 தொடக்கத்தில் ஷேக்குகளிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு பம்பாய் மரைன் அதிகாரிகள் கரையோரம் முழுக்க அளக்கத் தொடங்கினார்கள். துபாயை அளந்தவர் லெப்டினன்ட் கோகன், 1822-ல். இன்னிக்கு நாம 'க்ரீக்' என்கிற நீருக்கு அந்த வரைபடத் தலைப்பு 'பேக்வாட்டர்' என்கிறது. நம்ம ஊரில் காயல் என்போமே, அதுதான்.

ஏடனில் வரிசை மாறியது. ஹெய்ன்ஸ் என்ற அதிகாரி 1830-களில் பாலினூரஸ் கப்பலில் தென் அரேபியக் கரையை அளந்தார். 1839 ஜனவரியில் ஏடன் பிடிபட்டபோது அங்கே இருந்தவரும் அவரே; 1854 வரை அதை நிர்வகித்தவரும் அவரே. 1932 வரை ஏடன் பம்பாயிலிருந்தே ஆளப்பட்டது. ஒரு இடத்தில் பீரங்கிக்குப் பிறகு அளவுக்கயிறு, இன்னொரு இடத்தில் அளவுக்கயிற்றுக்குப் பிறகு பீரங்கி. இந்தப் படைகளில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதனால "வெள்ளைக்காரன் செஞ்சான்" என்று சொல்லிட்டு நாம நகர்ந்துட முடியாது.

இந்த வரைபடங்கள் கப்பல்காரனுக்கானவை. எத்தனை பாகம் ஆழம், எங்கே நங்கூரம் போடலாம் என்று சொல்லும். அதே கடலில் முத்துக்குளித்தவர்கள் முன்பணக் கடனில் நாகுதாவிடம் கட்டுண்டு கிடந்ததைச் சொல்லாது. அவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள்.

முன்பணம் இன்னும் போகல. இன்னிக்கு ஏஜென்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய பணமாக வருது. ஜெபல் அலி துறைமுகம் திறந்தது 1979-ல். அந்தத் துறைமுகத்தின் கப்பல் பாதைகளை யாரும் வரைந்து காட்டலாம். முகாமிலிருந்து வேலைத்தளத்துக்கு விடியுமுன் கிளம்பும் பேருந்துகளின் பாதையை யார் வரைவது? துபாயில் முஹைஸ்னாவின் ஒரு பகுதிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் சோனாப்பூர், தங்க ஊர். அந்தப் பெயரில் இருக்கிற கிண்டல் எந்த அரசு வரைபடத்திலும் வராது.

முதலாளி மட்டும் மாறியிருக்கிறார். பேரரசின் பெரிய கப்பல் கம்பெனியான பி அண்ட் ஓ, 2006-ல் துபாயின் டிபி வேர்ல்டு கைக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்தின் ஒரு கண்டெய்னர் முனையமும் அதோடு வந்தது. 2022 மார்ச்சில் இங்கிலாந்தில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் ஏறத்தாழ 800 கடலோடிகளை ஒரே நாளில் வேலையைவிட்டு நீக்கியபோதும் உரிமையாளர் டிபி வேர்ல்டுதான். லண்டன் தோழர்களும் ஷார்ஜா தோழர்களும் ஒரே கம்பெனியைப் பற்றித்தான் பேசுறோம்.

நான் ஷார்ஜாவில் பிறந்தவள். ஆனா எங்க வீட்டு விசா அப்பாவின் வேலையில் தொங்கியது. வேலை போனால் ஊரும் போகும். ஆகவே இந்த வரைபடங்கள் எனக்கு வெறும் ஆவணம் இல்ல. துறைமுகத்துக்கு ஆள் வேணும், ஆனா அந்த ஆளுக்கு அங்கே இடம் கிடையாது என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்பதை இவற்றிலிருந்துதான் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு வேண்டுகோள். உங்க அப்பா, சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன் யாரானாலும் சரி, வளைகுடாவில் வேலை செஞ்ச இடத்தை நினைவிலிருந்து ஒரு தாளில் வரையச் சொல்லுங்க: முகாம், மெஸ், பேருந்து நிற்கும் இடம், பணம் அனுப்பிய கடை. எங்களுக்கு அனுப்புங்க. இன்னும் அங்கே வேலை செய்பவர்களின் பெயர், கம்பெனி, அறை எண் எதுவும் வேண்டாம். அமீரகத்தில் தொழிற்சங்கம் வைக்க உரிமை இல்லை. நம்ம ஆர்வத்துக்கு அவங்க விலை கொடுக்கக் கூடாது.

கோகன் கப்பலுக்காக அளந்தார். நாம ஆளுக்காக வரைவோம்.

தோழமையுடன்,
இந்த இதழின் ஆசிரியர்